காணாமல் போன மூங்கில் நாக்கு

சத்தப் பலகையில் ஒரு நாக்கைக் காணவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தவள் மீனம்மா. வயது பதினைந்து. நாலு வயதில் வந்த அம்மை அவளுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஊசிப்பாறைத் தோட்டத்தில், முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் காம்பராவில், பார்வையில்லாத ஐந்து பிள்ளைகளுக்காக இசபெல் டீச்சர் ஒரு வகுப்பு நடத்தி வந்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அவர்களில் மீனம்மாதான் மூத்தவள்.

அன்று 1963ஆம் ஆண்டு, மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு நுவரெலியாவிலிருந்து கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. வகுப்பு தொடரலாமா, மூடிவிடலாமா என்று முடிவு சொல்லத்தான் வருகிறார். மூடினால் பிள்ளைகள் அவரவர் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அம்மாவும் அப்பாவும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனபின், பூட்டிய காம்பராவுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற நாலு பேருக்காவது வாய் இருந்தது. கத்தினால் பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். சண்முகவடிவுக்கு அதுவும் இல்லை.

ஒன்பது வயதுச் சண்முகவடிவுக்குக் கண்ணும் தெரியாது, பேச்சும் வராது. காது மட்டும் கத்திபோல் கூர்மை. அவளுக்காகவே டீச்சர் அந்தப் பலகையைச் செய்வித்தார். பெட்டி அடிக்கும் மூக்கன், தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்து, மேல் விளிம்பில் வரிசையாகக் கொக்கிகள் வைத்து, ஒவ்வொரு கொக்கியிலும் கயிற்றில் ஒரு பொருளைத் தொங்கவிட்டான். அவற்றுக்கு நாக்கு என்று பெயர். குச்சியால் தட்டினால் ஒவ்வொரு நாக்கும் ஒவ்வொரு சத்தம் போடும். ஒவ்வொரு சத்தமும் ஒரு சொல்.

மூங்கில் என்றால் நோவு. போத்தல் என்றால் தண்ணீர். சிரட்டை என்றால் பசி. வெங்கல மணி என்றால் இசபெல் டீச்சர். தகரக் கரண்டி என்றால் சமைத்துப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாகலெட்சுமி. கடைசியில் தொங்கிய இரும்புத் துண்டு என்றால் கணக்கப்பிள்ளை பொன்னையா. அவருடைய கைத்தடியின் நுனியில் இரும்புப் பூண் இருந்தது. அது கல்படியில் விழும் சத்தம் கேட்டதும் சண்முகவடிவு இரும்பைத் தட்டுவாள். உடனே பிள்ளைகள் கப்சிப்பென்று அடங்கிவிடுவார்கள். தன் பேரிலும் ஒரு நாக்கு இருப்பது பொன்னையாவுக்குத் தெரியும். எந்த நாக்கு என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விளையாட்டுக் கெட்டுப்போகுமே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் நாக்குகளையெல்லாம் கழற்றி ஒரு கூடையில் போட்டு மீனம்மாவிடம் கொடுத்தார். பலகையிலிருந்து புது வர்ணத்தின் நெடி மூக்கைத் துளைத்தது.

"அதிகாரி வர்றாருல்ல, கொஞ்சம் அழகாக்கியிருக்கேன். காஞ்சதும் நாக்கையெல்லாம் மாட்டிரு மீனம்மா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, அட்டனிலிருக்கும் தன் தாயைப் பார்க்கக் கிளம்பிப் போனார். மீனம்மா எப்போதும் போல மூங்கிலில் தொடங்கி இரும்பில் முடித்து மாட்டினாள். வர்ணம் காய்வதற்குள் இருட்டிவிட்டது; நாகலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் தேர். சண்முகவடிவுக்குக் காய்ச்சல். அவள் தூங்கும் நேரம் பார்த்து, நாகலெட்சுமி வெளியே பூட்டிவிட்டு மற்றப் பிள்ளைகளைத் தேர் பார்க்கக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது சண்முகவடிவு கம்பளிக்குள் பலகையைக் கட்டிப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை.

திங்கள் காலை ஏழு மணி இருக்கும். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலையேறும் சத்தம் தேய்ந்துவிட்டது. கம்பளிக்குள்ளிருந்து இரும்பு 'டங் டங்' என்று ஒலித்தது. அடுத்த நிமிடம் படியில் தடியின் பூண் விழுந்தது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பொன்னையா உள்ளே வந்தார். இரும்பு நிற்கவில்லை. டங், டங், டங்.

"என்னா நாகலெட்சுமி, காதுல விழலையா? அந்தப் புள்ளை நோவு நோவுன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போயி மருந்து வாங்கிக் குடு. அதிகாரி வர்ற நேரத்துல இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

மீனம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பக்கத்திலிருந்த பேச்சியம்மாவால் அடக்க முடியவில்லை. 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. தன் பேரைச் சொல்லித்தான் அடிக்கிறாள் என்று தெரியாமல் ஐயா மருந்து வாங்கச் சொல்கிறாரே!

"என்னா இளிப்பு? எல்லாத்தையும் கூட்டித் துடைச்சு வைங்க" என்று உறுமிவிட்டு அவர் போனார். பூண் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

அதன்பின்தான் மீனம்மா கம்பளிக்குள் கையை விட்டாள். சண்முகவடிவு பலகையை விடவில்லை. முகப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். மீனம்மாவின் விரல்களை மட்டும் உள்ளே அனுமதித்தாள். விரல்கள் வரிசையாகப் போயின. இரும்பு, கரண்டி, மணி, சிரட்டை, போத்தல்.

அதற்கப்பால் வெறும் கயிற்று நுனி.

"நாகு அக்கா! மூங்கிலைக் காணோம்!"

நாகலெட்சுமி ஓடிவந்தாள். சண்முகவடிவை வாரித் தூக்கினாள். உடனே, "ஐயோ மாரியாத்தா" என்றாள்.

"என்னாக்கா?"

"மணிக்கட்டு கன்னிப்போயிருக்குடி. நாலு விரலும் பதிஞ்சிருக்கு. யாரோ முறுக்கியிருக்காங்க."

காலை எட்டரை. இசபெல் டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. செய்தி பொன்னையாவுக்கும் எட்டி, அவர் திரும்பி வந்திருந்தார். கயிறு மாற்ற மூக்கனையும் யாரோ கூட்டி வந்திருந்தார்கள்.

பொன்னையாவின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே நின்றது.

"இதுல யோசிக்க என்னாங்க டீச்சர் இருக்கு? காய்ச்சக்காரப் புள்ளையைப் பூட்டி வச்சிட்டுத் தேர் பாக்கப் போனது யாரு? இவ. சாவி யாருகிட்ட? இவகிட்ட. வந்து பாத்துருக்கா, புள்ளை அடம் புடிச்சிருக்கு, கையை முறுக்கிப்புட்டா. இன்னிக்கு அதிகாரி முன்னால புள்ளை நோவுன்னு தட்டிறக் கூடாதுல்ல? அதான் அந்த நாக்கையே அறுத்துட்டா."

"நாக்கு அழுகிரும் உங்களுக்கு!" என்று நாகலெட்சுமி சீறினாள். "நான் பெத்த புள்ளைக்குக்கூட இப்படி ஊட்டி விட்டதில்லை. பூட்டிட்டுப் போனேன், தப்புதான். அதுக்கு எனக்குச் சூடு வைங்க, வாங்கிக்கிறேன். கையை முறுக்கினேன்னு சொல்லாதீங்க. தோட்டத்துச் சாவி ஒண்ணு உங்ககிட்டயும் தானே இருக்கு?"

"என்கிட்ட எல்லாக் கட்டடத்துச் சாவியும் இருக்கு. அதுக்காக? வியாழக்கிழமை புள்ளைகளுக்குக் கரைச்சுக் குடுக்கிற பால்மா டின் இறக்கினதுக்கப்புறம் இன்னிக்குக் காலையிலதான் நான் இந்தப் படியையே மிதிக்கிறேன். மூக்கன்கிட்டக் கேளு."

"என்னைய ஏங்க இழுக்கறீங்க?" என்றான் மூக்கன். "நேத்து தேர் வடம் புடிச்சதுல எனக்கு என் கால் எங்கே இருக்குன்னே தெரியல. நீங்க எங்கே இருந்தீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சண்முகவடிவின் பக்கத்தில் மண்டியிட்டு, "யாரும்மா செஞ்சா? தட்டிக் காட்டு" என்று மெதுவாகக் கேட்டார்.

சண்முகவடிவு குச்சியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பொன்னையாவின் தடி தரையில் ஒரு முறை விழுந்தது. குச்சி கைநழுவிக் கீழே விழுந்தது. அவள் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? அதுக்கு என்னா தெரியும்" என்றார் பொன்னையா. "தோட்டத்துத் துரைகிட்டச் சொல்லி இன்னிக்கே இவளை அனுப்பிருங்க. இல்லாட்டி அதிகாரி வந்து வகுப்பையே இழுத்து மூடிருவாரு. அப்புறம் உங்க இஷ்டம்."

டீச்சர் எழுந்து நாகலெட்சுமியை விட்டு ஓரடி தள்ளி நின்றார். அந்தக் காலடி மீனம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டீச்சர் நம்பிவிடுவார் போலிருந்தது.

மீனம்மா கம்பளிக்குள் கைவிட்டு அந்தக் கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு, மூக்கனின் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"அண்ணே, இந்தக் கயித்து நுனியைப் பாருங்க. பிஞ்சதா, அறுத்ததா?"

"அறுத்தது. தேயிலை கவ்வாத்து வெட்டுற கத்தி மாதிரி நல்லாப் பதமான கத்தி. ஒரே இழுப்பு."

"கொக்கியில இருந்து கழட்டலாமே. ஏன் அறுக்கணும்?"

"கொக்கி திருகு பின்பக்கமுல்ல இருக்கு. விரலை விட்டு அரைத் திருப்பு திருப்பணும். பழகினவங்களுக்குத்தான் வரும். முன்னால இருந்து பாத்தா ஒண்ணும் புரியாது."

மீனம்மா சுவரோரமாக உட்கார்ந்தாள். நாகு அக்கா வாரந்தோறும் நாக்குகளைக் கழற்றிக் கழுவுகிறவள். அவள் விரலுக்குத் திருகு தெரியும். அறுக்க வேண்டியதில்லை. ஆனால் பொன்னையாவிடம் இதைச் சொன்னால், 'வேற ஆளுன்னு காட்டறதுக்காகவே அறுத்திருக்கா' என்பார். அவர் வாய்க்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

சரி, பழக்கமில்லாத ஆள். பழக்கமில்லாத ஆளுக்கு மூங்கில் என்றால் நோவு என்று எப்படித் தெரியும்? ஆறு நாக்கு தொங்கும்போது அதை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுத்தான்? காதால் தெரிந்திருக்க முடியாது. அப்படியென்றால்...

வெள்ளிக்கிழமை நெடி மறுபடி மூக்கில் ஏறினாற்போல் இருந்தது. மரத்துக்குப் பூசும் வர்ணம் மட்டுமென்றால், காய்ந்த பலகை வழவழப்பாக இருந்திருக்க வேண்டும். காலையில் கயிற்று நுனியைத் தேடியபோது, ஒவ்வொரு கொக்கியின் கீழும் விரலில் ஏதோ மேடு தட்டுப்பட்டது.

அவள் எழுந்து டீச்சரின் சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்தாள்.

"டீச்சர், பலகையில கண்ணுக்குன்னு ஏதாவது போட்டீங்களா?"

"கண்ணுக்கா?" டீச்சரின் குரலில் அலுப்பு. "அதிகாரி பாத்தவுடனே புரியணும்னு சின்னச் சின்னதாப் படம் போட்டேன். ஒவ்வொரு நாக்குக்கும் ஒண்ணு. இப்ப அதா முக்கியம்?"

"என்ன வரிசையில போட்டீங்க?"

டீச்சர் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "நீ என்ன வரிசையில மாட்டினே?"

மீனம்மாவும் சொன்னாள்.

டீச்சரின் கை மீனம்மாவின் தோளைப் பற்றியது. பிறகு மீனம்மா, "பலகை இன்னும் சம்முகவடிவு கம்பளிக்குள்ளதான் இருக்கு. காலையில இருந்து அதோட முகப்பை யாரும் பாக்கல. அப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்றாள்.

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. அதிகாரி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். செருப்புச் சத்தத்தில் அவசரமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொன்னையா சொன்னதையெல்லாம் இடைமறிக்காமல் கேட்டார். நாகலெட்சுமியின் அழுகையையும் கேட்டார்.

"டீச்சர், நான் உள்ளதைச் சொல்லுறன்" என்றார் கடைசியில். "இந்தப் பலகையைப் பற்றி ஒபீஸிலை சிரிக்கினம். கிலுகிலுப்பை எண்டுதான் சொல்லினம். அதாலை பிரயோசனம் இருக்கோ எண்டு பாக்கத்தான் வந்தனான். வந்த இடத்திலை பிள்ளைக்குக் காயம். பாக்கிற ஆளிலை சந்தேகம். நான் என்னெண்டு இந்த வகுப்பை நடத்தச் சொல்லி எழுதுறது?"

"ஐயா, நான் கொஞ்சம் பேசலாங்களா?"

"நீர் ஆர் பிள்ளை?"

"மீனம்மாங்க. மூத்தவ. கணக்கப்பிள்ளை ஐயாகிட்ட ஒண்ணு ரெண்டு கேக்கணும்."

"இதென்னா கூத்து!" என்றார் பொன்னையா. "கண்ணு தெரியாதது போலீஸ் வேலை பாக்குதாம்."

"கேக்கட்டும். கேள்விக்குக் கண் தேவையில்லையே" என்றார் அதிகாரி. "கேளும் பிள்ளை."

அந்நியர் முன்னால் மீனம்மா இவ்வளவு உரக்கப் பேசியதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, இன்னிக்குக் காலைக்கு முன்னால நீங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

"எத்தனை வாட்டி சொல்றது? வியாழக்கிழமை."

"அப்புறம் வரவே இல்லீங்க?"

"இல்லைன்னா இல்லை."

"காலையில நீங்க வந்தப்ப சம்முகவடிவு பலகையைத் தட்டிக்கிட்டு இருந்தா. என்னான்னு தட்டினா?"

"நோவுன்னு தட்டினா. நான்தான் மருந்து வாங்கிக் குடுக்கச் சொன்னேன். இங்க இருந்த எல்லாரும் கேட்டாங்க. ஏன், நல்லது சொன்னது குத்தமா?"

நாற்காலி கிரீச்சிட்டது. அதிகாரி முன்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

"பொறும், பொறும். நோவு எண்ட நாக்கைத்தானே காணேல்லை எண்டு சொன்னீர்? இல்லாத நாக்கைப் பிள்ளை என்னெண்டு தட்டினது?"

பொன்னையாவின் தடி ஒரு முறை தரையில் தேய்ந்தது.

"அது... அப்போ வேற எதையாச்சும் தட்டியிருக்கும். எனக்கென்னா இந்தச் சத்தமெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுங்க. அது உண்மை" என்றாள் மீனம்மா. சண்முகவடிவின் பக்கம் குனிந்து, கம்பளிக்குள் கைவிட்டு இரும்பைத் தட்டினாள். டங். "காலையில கேட்டது இந்தச் சத்தந்தானே?"

"இதுதான்."

"புள்ளைகளா, இது யாரு?"

"கணக்கப்பிள்ளை!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின. பேச்சியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"நாகு அக்காவுக்குத் தெரியும், மூக்கன் அண்ணனுக்குத் தெரியும், இந்தப் புள்ளைகளுக்குத் தெரியும், இது உங்க பேருன்னு" என்றாள் மீனம்மா. "தெரிஞ்சவங்க கணக்கப்பிள்ளைன்னு சொல்லுவாங்க. தெரியாதவங்க தெரியாதுன்னு சொல்லுவாங்க. நீங்க மட்டும் நோவுன்னு சொன்னீங்க. தட்டிப் பாக்காம, யாரையும் கேக்காம, வந்ததும் வராததுமாச் சொன்னீங்க. அந்த நோவு உங்களுக்கு எங்கேயிருந்துங்க கிடைச்சுச்சு?"

"எங்கேயிருந்து கிடைக்கும்? பலகையிலதான் போட்டிருக்கே!" பொன்னையாவின் குரல் உயர்ந்தது. "அந்த இரும்புக்குக் கீழே கையில கட்டுப் போட்ட மாதிரி படம். கட்டுப் போட்டா நோவு இல்லாம வேற என்னா? எனக்குக் கண்ணு இருக்கு, பாத்துச் சொன்னேன்!"

"எப்பங்க பாத்தீங்க?"

இசபெல் டீச்சர் எழுந்தார். இப்போது அவர் குரலில் அலுப்பு இல்லை.

"அந்தப் படத்தை நான் வெள்ளிக்கிழமை சாயங்காலந்தான் போட்டேங்க சார். அதுக்கு முன்னால அது வெறும் பலகை. இன்னிக்குக் காலையில இருந்து அது இந்தக் கம்பளிக்குள்ள இருக்கு. வியாழக்கிழமையோட போனவருக்கு அந்தப் படம் தெரிய வழியே இல்லை."

அதிகாரி எழுந்து நடந்தார். சண்முகவடிவின் முன்னால் போய் நின்றார். "பிள்ளை, ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்றார். மீனம்மா சண்முகவடிவின் காதருகில் ஏதோ முணுமுணுத்தாள். கம்பளி விலகியது.

"கட்டுப் போட்ட கை இருக்குது. இரும்புக்குக் கீழைதான்" என்றார் அதிகாரி மெதுவாக. "ஆனா டீச்சர், இரும்பு கணக்கப்பிள்ளை எண்டால் நோவின்ரை படம் ஏன் அங்கை?"

"என் புத்திகெட்டத்தனங்க சார்" என்றார் டீச்சர். "புள்ளைங்க வரிசை மூங்கில்ல ஆரம்பிச்சு இரும்புல முடியும். தோட்டத்துப் பெரிய ஆளுன்னு மரியாதைக்குக் கணக்கப்பிள்ளை படத்தை முதல்ல போட்டேன். கைத்தடி படம். நோவைக் கடைசியில போட்டேன். படத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாமக் கண்ணு தெரியாத புள்ளைகிட்டக் குடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். அவ பழைய வரிசையிலேயே மாட்டிட்டா."

"அப்ப மூங்கில் தொங்கின இடத்திலை?"

"கைத்தடி படம்."

அதிகாரி 'ம்' என்று நீளமாக மூச்சுவிட்டார்.

மீனம்மா இப்போது யாருக்கும் பயப்படவில்லை. சொற்கள் தாமாக வந்தன.

"நடந்தது இதுதாங்க. நேத்து தேர் நேரத்துல கணக்கப்பிள்ளை ஐயா சாவி போட்டுத் திறந்து வந்திருக்காரு. எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்கன்னு நெனைச்சிருக்காரு. இவ உள்ள படுத்திருந்தா. தடிச் சத்தம் கேட்டதும் வழக்கம் போல இரும்பைத் தட்டியிருக்கா. அவரு திரும்பிப் பாத்தா, தட்டின இடத்துல கட்டுப் போட்ட கை. காய்ச்சக்காரி நோவுன்னு தட்டுறான்னு எடுத்துக்கிட்டாரு. ஆனா நாளைக்கு அதிகாரி கேட்டா, வந்தது யாருன்னு இவ தட்டிருவாளேன்னு பயம். பலகையில தேடினாரு. கைத்தடி படம் இருந்துச்சு. தன் பேரை அறுக்கிறோம்னு நெனைச்சு அதுக்கு மேல தொங்கினதை அறுத்துட்டாரு. இவ பலகையை விடல. அதுதான் மணிக்கட்டு. அறுத்தது தன் பேரு இல்லைங்க, நோவு. காலையில இவ விடாம அவரு பேரையே தட்டிக்கிட்டு இருந்தா. அவரோ தன் பேருதான் போயிருச்சேன்னு தைரியமா வந்து மருந்து வாங்கச் சொன்னாரு."

"கட்டுக்கதை!" என்றார் பொன்னையா. ஆனால் குரல் வாசல்வரைகூடப் போகவில்லை. "நான் எதுக்கு ஞாயித்துக்கிழமை இங்க வரணும்? இங்க என்னா புதையலா இருக்கு?"

"இன்னிக்கு ஐயா பாக்கப் போறது வகுப்பை மட்டும் இல்லையே. பால்மா அறையையும் பாப்பாரு" என்றாள் மீனம்மா. "கொஞ்ச நாளா எங்க பால்ல பால் வாசமே இல்லைங்க. நாகு அக்கா கேட்டா, வந்ததே அவ்வளவுதான்னு சொல்லுவீங்க."

அதிகாரி சாவியைக் கேட்டார். பொன்னையா கொடுக்கத் தயங்கினார். நாகலெட்சுமி தன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன அறை. இந்தப் பக்கம் படுத்திருப்பவளுக்கு அங்கே டின் நகரும் சத்தம்கூடக் கேட்கும். அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "டின் எல்லாம் வரிசையா, நிறையத்தானே இருக்குது" என்றார்.

அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சண்முகவடிவு கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குள் போனாள். மறுபடி கையிலெடுத்த குச்சியால் டின்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தாள். முன்வரிசை 'தொப், தொப்' என்று கனமாகச் சத்தம் போட்டது. அவள் எட்டிப் பின்வரிசையைத் தட்டினாள்.

டிங். டிங். டிங்.

வாசலில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. காது உள்ள எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதிகாரி பின்வரிசையிலிருந்து ஒரு டின்னைத் தூக்கினார். மூடியைத் திறந்தார். பிறகு இன்னொன்றைத் திறந்தார்.

"வெறும் டின். பிள்ளைகளின்ரை பாலை வித்துச் சாப்பிட்டிட்டு, நான் வாறன் எண்டு நேற்று வந்து வெறும் டின்னை அடுக்கி வைச்சிருக்கிறீர்" என்றார். டின்னைத் தரையில் ஓங்கி வைத்தார். "ஆராவது ஒரு ஆள் துரையிட்டைப் போங்கோ. தலவாக்கலைப் பொலிசுக்கும் ஆள் விடுங்கோ. கணக்கப்பிள்ளை, நீர் அசையப்படாது."

பொன்னையா அசைந்தார். ஆனால் வாசலில் மூக்கன் நின்றான்.

"எங்கேங்க கிளம்பிட்டீங்க?" என்றான் மூக்கன். "புள்ளை நோவு நோவுன்னு தட்டுதே, மருந்து வாங்கவா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாகலெட்சுமி சிரிக்கவில்லை. அவள் சண்முகவடிவின் கன்னிப்போன மணிக்கட்டைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அவளருகில் போய், "மன்னிச்சிரு லெட்சுமி. ஒரு நிமிஷம் நானும் தடுமாறிட்டேன்" என்றார். "போங்க டீச்சர், பூட்டிட்டுப் போனவ நான்தானே" என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி அழுதாள்.

அதிகாரி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பேனா மூடி கழன்றது.

"நான் முதலிலை வகுப்பைப் பற்றி எழுதுறன். இந்த வகுப்பு மூடப்படாது. இந்த மாதிரிப் பலகை வேறை இடங்களிலையும் செய்ய வேணும் எண்டும் எழுதுறன். இனிப் பொலிசுக்குக் குடுக்கிற வாக்குமூலம்." அவர் மீனம்மாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கண்ட சாட்சி நீர் இல்லை. அவ. அவவைக் கேக்க வேணும்."

சண்முகவடிவை அவர் முன்னால் நிறுத்தினார்கள். பொன்னையா அதே அறையில்தான் இருந்தார். அவருடைய தடி தரையைத் தொட்டது. மீனம்மா அவள் தோளில் கைவைத்தாள். தோள் நடுங்கவில்லை.

"நேற்று வந்து உம்மடை கையை முறுக்கினது ஆர்?" என்று கேட்டார் அதிகாரி.

சண்முகவடிவு விரலால் பலகையின் விளிம்பைத் தேடினாள். மூங்கில் தொங்கிய வெறும் இடத்தில், குச்சியால் மரத்தையே ஓங்கித் தட்டினாள். நாக்கு போனால் என்ன, நோவுக்கு அவள் புதுச் சத்தம் ஒன்று உண்டாக்கிக்கொண்டாள். உடனே கை வரிசையின் மறு முனைக்குப் போனது. இரும்பு முழங்கியது. ஒரு முறைதான். அதற்குமேல் அவள் தட்டவில்லை. குச்சியைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்றாள்.

பேனா தாளில் ஓடியது. நின்றது. எதையோ அடித்தது. மறுபடி ஓடியது.

"என்னங்க சார் அடிக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"தட்டிக் காட்டினாள் எண்டு எழுதினனான். அது சரியில்லை. வாசிக்கிறன், கேளுங்கோ." அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கணக்கப்பிள்ளை பொன்னையாவே தன்னைத் துன்புறுத்தினார் என்று சிறுமி சண்முகவடிவு என் முன்னிலையில் சொன்னாள்."

"அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு வாட்டி வாசிங்கய்யா" என்றாள் நாகலெட்சுமி.

"சொன்னாள்" என்றார் கனகரத்தினம், இந்த முறை உரக்க.

பிள்ளைக் காம்பராவுக்குள் எழுந்த ஆரவாரம் எதிர்மலைவரை போனது. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு நிமிர்ந்து, என்ன சத்தம் என்று கேட்டார்கள்.